போத்தல் ரீச்சரின் காற்று

எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அவரைப் போத்தல் ரீச்சர் என்றார்கள். அவர் ரீச்சர் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை. பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடப்புத்தகங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது அவருடைய வேலை. போத்தல் மட்டும் உண்மை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் கட்டடம் இருந்தது. அதன் மொட்டைமாடியில் ஒற்றை அறை ஒன்று. அதில்தான் அவர் வாடகைக்கு இருந்தார். அறைக்கு வெளியே, தண்ணீர்த் தாங்கியின் நிழல் விழாத இடத்தில், ஜாம் போத்தலும் ஊறுகாய்ப் போத்தலும் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும்.

ஒரு காலை அவரைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏற்ற வேண்டியதில்லை என்று அந்த இடத்தில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்துக்கொண்டால், நான் ஏதோ கதை கட்டுவதுபோல ஆகிவிடும்.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுப்பிடி முறிந்து, அந்த இடத்தில் தையல் நூல் சுற்றியிருக்கும். கலியாணம் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு இருந்த பக்கம் மனிதர் இருக்க முடியாத இடமாகிப்போன பிறகு கொழும்புக்கு வந்தவர். சிறுவயதிலிருந்தே தொய்வு என்ற மூச்சிழுப்பு. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் காற்று வர விட்டிருக்கும் ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்து மூச்செடுப்பார். மருந்து பம்ப் எப்போதும் கைப்பையில் இருக்கும். வீட்டில் இருக்கும்போது மேசையில், கை எட்டும் இடத்தில். எங்களுக்கெல்லாம் காற்று என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வருவதில்லை. அவருக்கு அதை மறக்க ஒரு நாளும் வாய்த்ததில்லை.

முதன்முதலில் நான் அவரோடு கதைத்தது குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளில். தாங்கியைப் பார்க்க மேலே ஏறினேன். அவர் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, கண்ணாடிக் குழாய்கள் மூன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி. ஒன்றில் சாதாரணத் தண்ணீர். இன்னொன்றில் கொதிக்க வைத்து மேலே தேங்காயெண்ணெய் விட்ட தண்ணீர். மற்றதில் தண்ணீரே இல்லை. ஆணி துருவேறிக் கறள் பிடிப்பதைப் பார்ப்பதாகச் சொன்னார். வெள்ளவத்தைக் கடற்காற்றில் கறள் பிடிப்பதை இருந்து பார்க்க வேண்டுமா, என் வீட்டு யன்னல் கம்பியைப் பார்த்தால் போதாதா என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சாதாரணத் தண்ணியில இருக்கிறதுதான் கறள் பிடிக்கும் எண்டு புத்தகத்தில இருக்கு, அண்ணை."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, தங்கச்சி."

"தெரிஞ்சதுதான். நான் பாக்கேல்லை. பாக்காததைப் பிள்ளையளுக்கு எப்பிடி எழுதுறது?"

அவ்வளவுதான் அவர். இதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிடும். புத்தகத்தில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு பரிசோதனையையும் தானே செய்து, கண்ணால் கண்ட பிறகுதான் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதுவார். அலுவலகத்தில் அவசரப்படுத்துவார்கள், பக்கத்து மேசைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் போத்தலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சில நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அந்த யன்னல் கம்பியை விரலால் தடவினார். செங்கபில நிறத் தூள் விரலில் ஒட்டியது.

"இதுக்குள்ள இருக்கிறதும் ஒட்சிசன்தான், அண்ணை. காத்தில இருந்து வந்து இரும்புக்குள்ள குடியிருக்குது."

திரும்பிப் போகாதா என்று கேட்டேன். இலை விடுகிற ஒட்சிசனை நாங்கள் எடுக்கிறோம், நாங்கள் விடுகிற காபனீரொட்சைட்டை இலை எடுக்கிறது, அந்தப் போக்குவரத்து நாள் முழுக்க நடக்கும் என்றார். ஆனால் இரும்புக்கும் கல்லுக்கும் மண்ணுக்கும் போய்ச் சேர்ந்தது லேசில் வராதாம். வரும், ஆனால் எங்கள் காலத்துக்குள் இல்லை.

"இஞ்சயிருந்து கனடாவுக்குப் போனவையும் அப்பிடித்தான்," என்றேன்.

அன்றைக்குச் சிரித்தார். சிரிப்பு நெஞ்சிலே இழுப்பாக மாறி, பம்பை எடுக்க வேண்டியதாயிற்று. என் மனைவி, பகிடி விடுவதற்கும் ஆளைப் பார்த்து விடவேண்டும் என்று என்னைப் பேசினாள்.

அந்த நாட்களில் அவர் எழுதிக்கொண்டிருந்த பாடம் ஒட்சிசன் வட்டம். அதற்கு ஒரு படம் இருந்தது. நடுவில் மரம், ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் மனிதன், மேலே முகில். மரத்திலிருந்து காற்றுக்கு ஓர் அம்புக்குறி, காற்றிலிருந்து மாட்டுக்கும் மனிதனுக்கும் அம்புக்குறிகள், அவர்களிடமிருந்து மறுபடி மரத்துக்கு. கீழே நிலம் வெறுமனே கிடந்தது. நிலத்துக்கும் ஓர் அம்புக்குறி வேண்டும் என்று எழுதி அனுப்பினார். அது இல்லாமலே அச்சுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், அச்சகத்துக்குத் தானே போகிறேன் என்று வெளிக்கிட்டார். அச்சகம் கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ இடத்தில் பஸ்ஸை மறித்து இறக்குவார்கள். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், சிங்களம் வராது. யாழ்ப்பாண முகவரி போட்ட அடையாள அட்டை வேறு. எனக்குக் கொள்ளுப்பிட்டியில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சிங்களம் என் தாய்மொழி போல வரும். அதனால் கூடப் போனேன்.

அச்சகத்து மேற்பார்வையாளர் துறைமுகப் பக்கத்துக் கத்தோலிக்கர். கழுத்தில் செபமாலை, காதில் பென்சில். படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"மரம் இருக்கு மிஸ், மாடு இருக்கு, மனுசன் இருக்கான். ஒரு அம்புக்குறி இல்லேன்னா ஒட்சிசன் வழி தெரியாம நின்னுருமா?"

"அது போயிடும். பிள்ளையள்தான் நிண்டிடுங்கள்."

சொல்லிவிட்டு, அச்சகத்தின் இரும்புக் கதவில் ஒரு விரலைத் தேய்த்து, அந்தத் தூளைப் படத்தின் ஓரத்தில் பூசினார். "இது எங்கயிருந்து வந்தது எண்டு உங்கட படத்தில காட்டுங்கோ, பாப்பம்."

அந்த மனிதர் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, படத்தை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தார். போகும்போது என் காதுக்குள், மிஸ் இன்னொரு தடவை வராமப் பாத்துக்குங்க என்றார். ஆனால் எங்களுக்குத் தேநீர் வருவித்தார்.

திரும்பி வெள்ளவத்தையில் இறங்கியதும், ரீச்சர் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு நேரே புகையிரதத் தண்டவாளத்துக்கு நடந்தார். தண்டவாளத்துக்கு அப்பால் கடல். கொஞ்ச நேரம் நின்று மூச்செடுத்தார். நாங்கள் எடுக்கிற மூச்சில் பாதியளவு இதிலிருந்து வருவது என்றார். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் நீருக்குள் இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்கின்றனவாம்.

"அதைச் செய்து பாக்க எனக்கு வசதியில்லை, அண்ணை. அதால அந்த வரியை மட்டும் 'எனக் கருதப்படுகிறது' எண்டு முடிச்சிருக்கிறன்."

என் மனைவிக்கு அவரைப் பிடிக்கும். அவர் செய்கிற எல்லாம் பிடிக்காது. ஒருநாள் மெழுகுதிரி கேட்டு வந்தார். கூடவே பிஸ்கற் போடுகிற பெரிய கண்ணாடிப் போத்தலும் கேட்டார். சாப்பாட்டு மேசையிலேயே மெழுகுதிரியைக் கொளுத்தி, பக்கத்தில் ஒரு கரப்பொத்தானை விட்டு, இரண்டையும் சேர்த்துப் போத்தலால் கவிழ்த்தார். கரப்பொத்தானைக் கடதாசிப் பையில் மேலேயிருந்து கொண்டுவந்திருந்தார். மனைவி குசினி வாசலோடு நின்றுவிட்டாள். சுடர் சிறுத்து, நீலமாகி, அணைந்தது. வேண்டுமென்று ஒரு விளக்கை அணைய வைப்பது நல்லதுக்கில்லை என்று மனைவி முணுமுணுத்தாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கரப்பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போத்தலுக்குள் சுற்றி வந்தது, மீசையை ஆட்டியது, கண்ணாடியில் ஏறப் பார்த்து விழுந்தது. நாங்கள் தேநீர் குடித்து முடித்த பிறகும் உயிரோடு இருந்தது.

அவர் கைப்பையிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்தார். 'மெழுகுதிரி, போத்தலினுள் உள்ள ஒட்சிசன் முழுவதையும் பயன்படுத்தியபின் அணைகிறது' என்று ஒரு வசனம். அதில் 'முழுவதையும்' என்ற சொல்லை வெட்டினார்.

"முழுவதும் முடிஞ்சிருந்தால் இது செத்திருக்கும். மெழுகுதிரிக்குக் காணாது எண்டால், எல்லாம் முடிஞ்சுது எண்டு அர்த்தமில்லை."

என் பழைய பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் நானும் இதைத்தான் முழுவதும் என்று எழுதிப் புள்ளி வாங்கியிருந்தேன். அவரைக் கொஞ்சம் மடக்கலாம் என்று அந்தப் பாடத்தின் முதல் வரியைக் காட்டினேன். 'காற்று எல்லா உயிர்களுக்கும் பொதுவானது.' இதைச் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன்.

அவர் அந்த வரியைப் படித்துவிட்டு வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார். "இதை எப்பிடிச் செய்து பாக்கிறது, அண்ணை? இது மட்டும் இருக்கட்டும்."

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் தமிழர் குடியிருந்த கட்டடங்களில் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. பொலிஸ் வந்து வீடு வீடாகத் தேடும் சுற்றிவளைப்பு என்று வந்தால் எல்லாரும் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி நிற்பார்கள். கதைப்பது ஒரே ஓர் ஆள். சிங்களம் சுத்தமாகத் தெரிந்த, அரசாங்கமோ கம்பனியோ ஏதாவது ஒரு வேலையில் உள்ள, பார்த்தால் சந்தேகம் வராத ஓர் ஆள். மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. பிழையான சிங்களத்தில் சொல்லும் சரியான பதிலைவிட, பேசாமல் நிற்பது நல்லது என்பது அனுபவத்தில் கண்டது. எங்கள் கட்டடத்தின் வாய் நான். யார் எதற்கு வந்தது, யார் எந்த வெளிநாட்டு ஏஜென்சிக்காகக் காத்திருப்பது, எந்தப் பையன் எந்த வகுப்புக்குப் போகிறான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதிகாரிகள் என்னை மஹத்தயா, அதாவது ஐயா, என்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் ஒளிக்கவில்லை.

மெழுகுதிரி கொளுத்திய அந்த மாதமே நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஒழுங்கைகளில் ஒவ்வொரு நாளும் ஜீப் நின்றது. ரீச்சர் அந்தக் கிழமைதான் இலையிலிருந்து ஒட்சிசன் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்தொட்டியில் போடுகிற பாசிக்கொடியைக் கொட்டாஞ்சேனைக் கடையொன்றிலிருந்து வாங்கி, தண்ணீர் நிறைந்த போத்தலில் இட்டு, அதன்மேல் ஒரு புனலைக் கவிழ்த்து, புனலின் குழலுக்கு மேலே ஒரு கண்ணாடிக் குழாயைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார். தண்ணீரில் கொஞ்சம் அப்பச்சோடாவும் கரைத்திருந்தார். அது பாசிக்குச் சாப்பாடு மாதிரி என்றார். வெயில் பட்டால் இலைகளிலிருந்து ஊசிமுனையளவு குமிழிகள் கிளம்பி மேலே போகும். நாள் முழுக்கப் போகும். குழாயின் தலைப்பக்கத்தில் அவை சேர்ந்து, தண்ணீரை மெல்ல மெல்லக் கீழே தள்ளும்.

ஒரு பின்னேரம் என்னை மேலே கூப்பிட்டார். குழாய் அரைவாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி என் கையில் தந்து கொளுத்தச் சொன்னார். கொளுத்தி, ஊதி அணைத்து, நுனியில் சிவப்புத் தணல் மட்டும் இருக்கையில், குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்துத் தூக்கினார். "இப்ப வையுங்கோ" என்றார். வைத்தேன். செத்துப்போயிருந்த ஈர்க்கு பக்கென்று சுடர் விட்டது. எனக்கு அப்போது அறுபது வயது. நான் பள்ளிக்கூடத்தில் இதே பரிசோதனையைச் செய்து பார்த்தவன். ஆனாலும் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் கைதட்டினார். ஒரு கிழமை வெயிலில் ஒரு பாசி விட்ட மூச்சு அது. என் கையில் ஒரு கணம் எரிந்தது.

அடுத்த நாள் விடியவே சுற்றிவளைப்பு. நாங்கள் வழக்கம்போலக் கீழே இறங்கி நின்றோம். நான் முன்னுக்கு. அட்டைகள் பார்க்கப்பட்டன, கேள்விகள் கேட்கப்பட்டன, நான் பதில் சொன்னேன். எல்லாம் முடிகிற நேரத்தில் மேலே தேடப் போனவர்கள் ஒரு பெட்டியோடு இறங்கி வந்தார்கள். போத்தல்கள், புனல், குழாய்கள், கருகிய ஈர்க்குகள், நெருப்புப்பெட்டி, ஒரு பையில் வெள்ளைத் தூள். இன்ஸ்பெக்டர் அந்த அறையில் இருப்பது யார் என்று கேட்டார். ரீச்சர் ஓரடி முன்னுக்கு வந்தார்.

"மேக மொகக்த?" என்று இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டார். இது என்ன என்று.

ரீச்சருக்குக் கேள்வி விளங்கியது. முகத்தில் பயம் இல்லை, ஆறுதல்தான் இருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, சொல்லுங்கோ. பிள்ளையளின்ர புத்தகத்துக்கு எண்டு சொல்லுங்கோ. நேற்று நீங்களே கையில பிடிச்சுப் பாத்தனீங்கள்தானே."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அவர் என்ன சொல்கிறார், உமக்கு இது என்னவென்று தெரியுமா என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். ஒட்சிசன் என்ற சொல் சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதேதான். பள்ளிக்கூடம், பாடப்புத்தகம், பரிசோதனை, எல்லாச் சொல்லும் என் நாக்கில் இருந்தன. ஆனால் தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி எப்படித் தெரியும் என்பது. நேற்று மேலே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். ஈர்க்கைக் கொளுத்தியது நான் என்று சொல்ல வேண்டும். என் மகன் அப்போது வெளிநாடு போவதற்கு ஏஜென்சியில் கடவுச்சீட்டுக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தான். இவையெல்லாம் நான் பிறகு யோசித்துச் சேர்த்த காரணங்களாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் இருந்தது வெறும் பயம்.

"தன்னே நே, சேர்," என்றேன். தெரியாது.

ரீச்சருக்கு அந்தச் சொல்லும் விளங்கும். கொழும்பில் எல்லாரும் முதலில் படிக்கிற சொல் அது. அவர் என்னைத் திட்டவில்லை, அழவில்லை. குழாயைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் முடிவு வரவில்லை, கொஞ்சம் பொறுத்தால் வரும் என்பதுபோல. ஜீப்பில் ஏற்றும்போதுதான், "பம்ப் மேசையில, அண்ணை" என்றார்.

ஜீப் போனபிறகு மேலே ஓடினேன். பம்ப் மேசையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனது என் மனைவி. சிங்களம் தெரியாதவள், வாசலில் நின்ற காவலரிடம் கையைக் காட்டி, நெஞ்சைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை. அன்றிரவு சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"நீங்கள் ஈர்க்குக் குச்சியைப் பிடிச்சுச் சிரிச்சதை நான் படியில நிண்டு பாத்தனான்."

அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் சேர்ந்து வாழ்ந்தோம்; மறுபடி ஒருநாளும் சொல்லவில்லை.

அவருடைய அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். என் மேசையில் தொலைபேசி இருந்தது. ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரீச்சர் விடுமுறையில் ஊருக்குப் போயிருப்பதாகத்தான் அலுவலகத்தில் நினைத்திருந்தார்களாம். ஒரு மாதத்துக்கு மேலே போன பிறகு எப்படியோ தெரிய வந்து, அவருடைய மேலதிகாரி, ஒரு சிங்களப் பெண்மணி, ஆங்கிலப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போயிருக்கிறார். இது ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்கிற பரிசோதனை என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கே விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வசனந்தான் தேவைப்பட்டிருக்கிறது.

சாமான் எடுக்க வந்தார். வீட்டுக்காரர் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். படியில் ஒருவரும் கதவு திறக்கவில்லை. மனைவி போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். இன்னும் மெலிந்திருந்தார். கண்ணாடியின் நூல் அவிழ்ந்து தொங்கியது. நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், கேட்டால் காலில் விழுவதற்கும் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. பம்ப் கிடைத்ததா என்று மனைவிதான் கேட்டாள்.

"கிடைச்சது, அக்கா. ஒரு கிழமை கழிச்சு."

அந்த ஒரு கிழமையைப் பற்றி அவராகவே சொன்னார். நிறையப் பெண்கள், சின்ன அறை. யன்னலை வெளியிலிருந்து பலகை அடித்து மூடியிருந்தது. கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு நீக்கல். மூச்சுக்குக் கஷ்டப்படுகிறவர்கள் அதற்கு நேரே முகத்தை வைத்துப் படுப்பதற்கு முறை வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் தன் முறையைச் சில நாள் இவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள். சொல்லிக்கொண்டு வந்தவர் எங்கள் மேசையிலிருந்த பிஸ்கற் போத்தலைப் பார்த்தார்.

"அந்தக் கரப்பொத்தான் ஞாபகம் இருக்கோ, அண்ணை? முழுவதும் முடியாது. நான் வெட்டினது சரிதான்."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். அலுவலகத்தில் இனி வேலை தரமாட்டார்களாம். மேலதிகாரி வருத்தப்பட்டுச் சொன்னாராம். பாடம் இன்னும் அச்சாகாமல் கொட்டாஞ்சேனை அச்சகத்தில்தான் இருந்தது. என்னிடம் ஓர் உதவி கேட்டார். அவ்வளவு நடந்த பிறகும் என்னிடம் கேட்டார்.

"அச்சகத்துக்குப் போய் முதல் வரியை எடுக்கச் சொல்லுங்கோ."

காற்று எல்லா உயிர்களுக்கும் பொதுவானது என்ற வரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஏன் என்று கேட்டேன்.

"செய்து பாத்திட்டன்," என்றார்.

அடுத்த நாளே போனேன். அச்சகத்து மேற்பார்வையாளர் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மிஸ் ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். என் பங்கையும் சொன்னேன். முதன்முதலாக அதைச் சொன்னது அந்த மனிதரிடந்தான். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அந்த வரியை வெட்டினார். இந்த முறை தேநீர் வரவில்லை.

புத்தகம் வந்தபோது கடையில் நின்று அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே ஒரு வரியளவு வெள்ளையாக இருந்தது. வெட்டிய இடத்தை மேலே நெருக்குவதற்கு யாருக்கும் நேரம் இருந்திருக்காது. படத்தில் நிலத்துக்குப் போகும் அம்புக்குறி இருந்தது. கடலின் வரி 'எனக் கருதப்படுகிறது' என்று முடிந்தது. எத்தனை பிள்ளைகள் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்து, அச்சுப் பிழை என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்களோ தெரியாது.

அவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார் என்று ஒரு பேச்சு. கனடாவில் சகோதரனோடு இருக்கிறார் என்று இன்னொரு பேச்சு. நான் விசாரிக்கவில்லை. அவர் இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயந்தான். பயம் என்னோடு நன்றாகப் பழகிய ஒன்று.

என் மனைவியும் போய்விட்டாள். நான் அதே கட்டடத்தில், அதே வீட்டில் இருக்கிறேன். இப்போது என் நெஞ்சு பழுதாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு யந்திரம் இருக்கிறது. அறையின் காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, ஒரு சிறு தண்ணீர்ப் போத்தலுக்கூடாக என் மூக்குக்கு அனுப்புகிறது. அந்தப் போத்தலுக்குள் நாள் முழுக்கக் குமிழிகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. நித்திரை வராத நேரங்களில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் யன்னல் கம்பிகள் முற்றாக உக்கிவிட்டன என்று, மாற்றுவதற்கு ஒருவரைக் கூப்பிட்டேன். களனிப் பக்கத்துச் சிங்கள இளைஞர். கறளைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் இடையில் நிறுத்தி, போத்தலைக் காட்டிக் கேட்டார்.

"அங்கிள், மேக மொகக்த?"

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன். இது ஒட்சிசன், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். இலையிலிருந்தும் கடலிலிருந்தும் வருகிறது, நாங்கள் எடுக்கிறோம், விடுகிறோம், இலை அதைத் திரும்ப எடுக்கிறது, கொஞ்சம் நீங்கள் சுரண்டுகிற அந்தக் கம்பிக்குள்ளும் போய் இருக்கிறது என்றேன். சிங்களம் தடங்கலில்லாமல் வந்தது. நீங்கள் மாஸ்டரா என்று கேட்டார். இல்லை, மேலே மொட்டைமாடியில் ஒரு ரீச்சர் இருந்தார், அவர் செய்து காட்டினார், நான் என் கையாலேயே பிடித்துப் பார்த்தேன் என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி சுரண்டத் தொடங்கினார். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.